ரவிக்கையில் தொடங்காதீர்கள்

தையல் பழகலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ரவிக்கை தைக்க எத்தனை நாளாகும்?" என்பதுதான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் தையல் கூலி அதிகம் போவது ரவிக்கைக்குத்தான், கொடுத்த தேதிக்கு வராமல் அலைய விடுவதும் அதுதான். நானும் அங்கேதான் தொடங்கினேன். என் மனைவி எடுத்து வைத்திருந்த நல்ல சுங்குடித் துணி ஒரு மீட்டரை, அளவு ரவிக்கை ஒன்றை மேலே விரித்து, சாக்கால் வரைந்து வெட்டினேன். கை வளைவு முன்பக்கம் ஒரு மாதிரியும் பின்பக்கம் வேறு மாதிரியும் வரும் என்பது எனக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே வளைவாக வெட்டியதில் கையைப் பொருத்தும்போது துணி சுருக்கம் சுருக்கமாக நின்றது. பிரித்துத் தைத்தேன், மறுபடி பிரித்தேன். மூன்றாவது தடவை பிரிக்கும்போது துணியே இழை விட்டுவிட்டது.

உள்ளறையிலிருந்து வந்த அம்மா அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். "எடுத்த எடுப்புலயே ரவிக்கையாப்பா? மொதல்ல ஒரு பையைத் தைச்சுக் கொண்டா, பாப்போம்" என்றார்.

அம்மா முப்பது வருடத்துக்கு மேல் எங்கள் தெருவுக்கே தைத்துக் கொடுத்தவர். மதுரையில் நாங்கள் இருந்த வரிசை வீடுகளில் யாருக்கு வளைகாப்பு, யாருக்குச் சடங்கு என்பது எங்கள் வீட்டுக் கால் மிஷினுக்குத்தான் முதலில் தெரியும். சர்க்கரை நோயால் கண்பார்வை குறைந்தபிறகு தைப்பதை நிறுத்திவிட்டார். மிஷின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டோம், அதன்மேல் இஸ்திரி போட வேண்டிய துணிகள் சேர்ந்தன, இப்படியே ஆறு வருடம் போய்விட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாள், வீட்டில் மின்சாரமும் இல்லை, போனில் சார்ஜும் இல்லை, சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அந்தப் போர்வையை விலக்கினேன். அப்படித்தான் தொடங்கியது.

எங்கள் ஊரில் ஆண்கள் தைப்பது புதிதில்லை. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில், திருமலை நாயக்கர் காலத்துக் கல்தூண்களுக்கு நடுவே வரிசையாக மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த டெய்லர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். இப்போது அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் அங்கே தைத்தவர்களும் சரி, வீட்டில் தைத்த அம்மாவும் சரி, வருமானத்துக்காகத் தைத்தார்கள். மனசுக்குப் பிடித்துச் சும்மா தைப்பது என்று ஒன்று இருப்பதாக நான் யோசித்ததே இல்லை. பகலெல்லாம் கணக்கு எழுதும் வேலை எனக்கு. சாயங்காலம் ஒரு மணி நேரம் கையும் கண்ணும் ஒரே இடத்தில் இருக்கிற மாதிரி ஒன்று கிடைத்தது என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த இரண்டு வருடத்தில் புரிந்துகொண்டேன்.

சரி, எங்கே தொடங்குவது? என் கருத்தைக் கேட்டால், மிஷினே வேண்டாம், கை ஊசியில் தொடங்குங்கள். சட்டைப் பொத்தான் வைப்பது போதும். நூலை ஒரு முழத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, நீளமாக எடுத்தால் சிக்கல் விழும் என்பது அம்மாவின் முதல் பாடம். பொத்தானுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியைக் கொடுத்துத் தைத்து, பிறகு குச்சியை உருவிவிட்டு, அந்த இடைவெளியில் நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். அப்படிச் செய்தால் பொத்தானுக்கு ஒரு சின்னக் காம்பு கிடைக்கும். காஜா என்கிற பொத்தான் துளைப் பக்கத்துத் துணியின் கனத்துக்கு அந்தக் காம்பில் இடம் இருப்பதால் பொத்தான் போடும்போது துணி இழுக்காது, நூலும் சீக்கிரம் அறாது. கடையில் வாங்கும் சட்டைகளில் பலவற்றுக்கு இந்தக் காம்பு இருப்பதில்லை, அதனால்தான் இரண்டாவது மாதத்திலேயே பொத்தான் தொங்குகிறது.

அடுத்து, சேலைக்கு ஃபால்ஸ், அதாவது அடி ஓரத்தில் உள்பக்கமாக வைத்துத் தைக்கும் பட்டைத் துணி. சுமார் இரண்டரை மீட்டர் நீளத்துக்குச் சின்னச் சின்ன ஹெம்மிங் தையல், மேல்பக்கம் ஒரு நூலிழை மட்டும் தெரிகிற மாதிரி. இது கொஞ்சம் பொறுமையைக் கேட்கும், ஆனால் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. ஃபால்ஸ் துணியை முதலில் தண்ணீரில் நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் அது சுருங்கிச் சேலையின் அடிப்பக்கத்தைக் கூடவே இழுத்துக்கொள்ளும். இப்போது நிறையக் கடைகளில் மிஷினிலேயே அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள், அந்தத் தையல் கோடு வெளியே தெரியும். கையால் தைத்தது தெரியாது. என் மனைவியின் சேலைகளுக்கு இப்போது நான்தான் ஃபால்ஸ் வைக்கிறேன். ஒரு சேலைக்கு இரண்டு சாயங்காலம் ஆகும்.

மிஷினுக்கு வந்தால், நூலே இல்லாமல் தொடங்க வேண்டும். இது எனக்கு அம்மா வைத்த விதி. மூன்று நாள் வெறும் பெடலை மிதிக்கச் சொன்னார். கால் மிஷினில் கஷ்டமே அந்தச் சக்கரம்தான். மேல் சக்கரம் நம்மைப் பார்த்துச் சுற்ற வேண்டும், எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் அறுந்துவிடும். கையால் ஒரு தட்டுத் தட்டித் தொடங்கி, குதிகாலும் முன்பாதமும் மாறி மாறி அழுத்த, சக்கரம் திரும்பாமல் ஒரே பக்கம் ஓடுவதற்குக் காலுக்குப் பழக்கம் வர வேண்டும். நாலாவது நாள் ஒரு பழைய ஊசியைப் போட்டு, கோடு போட்ட நோட்டுத் தாளைக் கொடுத்து, கோட்டின் மேலேயே துளை விழுகிறதா என்று பார்க்கச் சொன்னார். காகிதம் ஊசியை மழுங்க வைக்கும், அதனால்தான் பழைய ஊசி. நேர்கோடு வந்தபிறகு வளைவு, அப்புறம் சதுரம் சதுரமாக மூலை திருப்புவது. மூலையில் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கி, துணியைத் திருப்பி, மறுபடி ஃபுட்டை இறக்க வேண்டும். தாளில் ஒரு வாரம் ஓட்டினால் துணியில் ஒரு மாதம் மிச்சம் என்று அம்மா சொல்லுவார், என் அனுபவத்தில் அது சரிதான்.

இந்த இடத்தில் மிஷின் எப்படித் தைக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அது புரியாதவரை எனக்கு எல்லாமே மர்மமாக இருந்தது, புரிந்த அன்றைக்கு மிஷினிடம் இருந்த பயமே போய்விட்டது. கை ஊசிக்குக் காது தலைப்பக்கம் இருக்கும். மிஷின் ஊசிக்குக் காது முனைக்குப் பக்கத்தில் இருக்கும். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை வாங்கிய மிஷினில் இந்த முனைக்காது ஊசியும், அடியில் ஓடும் இரண்டாவது நூலும் சேர்ந்து வேலை செய்தன. இன்றைக்கும் அடிப்படை அதேதான். ஊசி நூலோடு துணிக்குள் இறங்கி, மேலே ஏறத் தொடங்கும்போது அடியில் நூல் சின்ன வளையமாக விரியும். அந்த நொடியில் கீழே இருக்கும் கொக்கி வந்து வளையத்தைப் பிடித்து, அடிநூல் சுற்றிய சின்ன உருளையான பாபினைச் சுற்றிக் கொண்டுபோய் விடுகிறது. மேல்நூலும் அடிநூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பின்னிக்கொள்கின்றன. கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, அடித்தட்டை இழுத்துத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யந்திரங்களை அவ்வளவு எதிர்த்துப் பேசிய காந்தி, 1924-இல் ஓர் உரையாடலில் சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்க்கச் சகிக்காமல் சிங்கர் செய்த கருவி, அதன் பின்னால் அன்பு இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். அடித்தட்டைத் திறந்து பார்த்தபோது எனக்கு அந்த நினைவுதான் வந்தது.

புரிந்துகொண்டதில் நேரடிப் பலனும் உண்டு. புதிதாகத் தைப்பவர்கள் மிஷினைப் பழிப்பது ஒரே ஒரு விஷயத்துக்கு: துணியின் அடியில் நூல் குப்பையாகச் சிக்கிக்கொள்வது. அடியில் சிக்குவதால் எல்லாரும் பாபினைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறார்கள். பெரும்பாலும் தப்பு மேலேதான் இருக்கும். மேல்நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் போய் உட்காராவிட்டால் அதை இழுத்துப் பிடிக்க ஆள் இல்லை, தளர்ந்துபோய் அடியில் கொட்டிவிடும். பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நூல் கோக்க வேண்டும், அப்போதுதான் தட்டுகள் விலகி நூலை உள்ளே விடும். தையலைத் தொடங்கும்போது இரண்டு நூல் நுனிகளையும் பின்பக்கமாக விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். முடிக்கும்போது நூலைத் தூக்கும் நெம்புகோல் மேலே வந்து நின்றபிறகே துணியை இழுக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்தால் சிக்கலில் முக்கால்வாசி வராது. அப்புறம் ஊசி. சாதாரணப் பருத்திக்கு 14-ஆம் நம்பர், மெல்லிய துணிக்கு 11, கனமான துணிக்கு 16, ஜீன்ஸ் என்றால் 18. தையல் விட்டு விட்டு விழுந்தால் வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் ஊசியை மாற்றிப் பாருங்கள்.

எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு வருடம் கிடந்த மிஷின் முதலில் நகரவே இல்லை. அது கிடந்த நாட்களில் யாரோ வீட்டுக்கு வந்தவர் நல்லது செய்வதாக நினைத்துத் தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறார். அது நாளடைவில் பிசினாகி எல்லா இடுக்கிலும் உறைந்துவிட்டது. மண்ணெண்ணெய் விட்டுக் கரைத்து, துடைத்து, மிஷின் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் சும்மா ஓட்டியபிறகுதான் பழைய சத்தம் வந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்ததை நான் மறக்க மாட்டேன்.

துணியில் முதல் வேலை, அம்மா சொன்ன பை. அப்பாவின் பழைய வேட்டியில் 16 அங்குல அகலம், 36 அங்குல நீளத்துக்கு ஒரு துண்டு. நீளம் பாதியாகும்படி நடுவில் மடித்தால் அடிப்பக்கத்துக்குத் தையலே வேண்டாம், இரண்டு பக்கமும் வாயும்தான். பக்கங்களை இரட்டைத் தையலாகப் போடச் சொன்னார். நல்ல பக்கம் வெளியே தெரிய வைத்துக் கால் அங்குலத்தில் ஒரு தையல், உள்ளே திருப்பி நகத்தால் நீவிவிட்டு, அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இன்னொரு தையல். பிசிறு முழுக்க இரண்டு தையலுக்கு நடுவில் அடைபட்டுவிடும். ஓவர்லாக் மிஷின் இல்லாத வீட்டுக்கு இதுதான் வழி. கைப்பிடிக்கு 4 அங்குல அகலப் பட்டையை நாலாக மடித்தால் ஒரு அங்குலக் கெட்டிப் பட்டை கிடைக்கும். பையோடு சேரும் இடத்தில் ஒரு கட்டம் தைத்து அதற்குள் பெருக்கல் குறி போட வேண்டும். அதை விட்டால் மூன்று கிலோ வெங்காயத்துக்கே பிய்த்துக்கொள்ளும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குகளுக்குத் தடை வந்தது, 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. அதெல்லாம் தெரிந்தும் நான் கையை வீசிக்கொண்டு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தவன்தான். என் கையால் தைத்த பை வந்தபிறகு ஒருநாளும் மறந்ததில்லை. நாமே செய்த பொருளை மறந்து வைத்துவிட்டுப் போக மனசு வராது.

இரண்டாவது, தலையணை உறை. ஜிப் வேண்டாம், பொத்தான் வேண்டாம், பின்னால் மடிந்து உள்ளே சொருகிக்கொள்கிற மாதிரி. 17-க்கு 27 அங்குலத் தலையணைக்கு, 18 அங்குல அகலமும் 62 அங்குல நீளமும் உள்ள ஒரே பட்டை போதும். கணக்கு எளிதுதான்: 27-ம் 27-ம் முன்னும் பின்னும், 6 அங்குலம் சொருகலுக்கு, இரண்டு நுனி மடிப்புக்கும் ஓர் அங்குலம் ஓர் அங்குலம். 44 அங்குலப் பன்னா, அதாவது அகலம், உள்ள துணி ஒன்றே முக்கால் மீட்டர் எடுத்தால் இரண்டு உறை வரும், மிச்சம் நிற்கும் 8 அங்குலப் பட்டையில் இன்னொரு பைக்குக் கைப்பிடியும் வந்துவிடும். இப்படித் துணியில் வீண் இல்லாமல் கணக்குப் போடுவதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது. அம்மா இதை நோட்டு பென்சில் இல்லாமல் கண்ணாலேயே செய்துகொண்டிருந்தார் என்பதை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் போட்டு உலர்த்திவிடுங்கள். பிறகு இழை பார்த்து வெட்ட வேண்டும். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் பாப்ளின் வாங்கியிருந்தால் பார்த்திருப்பீர்கள், கடைக்காரர் ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டுப் போட்டு, சர்ரென்று கிழித்துக் கொடுப்பார். அது அவசரத்தால் செய்வது என்று நினைத்திருந்தேன். துணி தன் இழையிலேயே கிழியும், அதைவிட நேரான கோடு ஸ்கேலால் வராது. கிழிக்க முடியாத துணியில் ஓர் இழையை உருவினால் மெல்லிய கோடு தெரியும், அதன்மேலேயே வெட்டலாம். இழை கோணலாக வெட்டிய உறை முதல் சலவையிலேயே முறுக்கிக்கொள்ளும். அதே கோணல் இழையில் இழுவை இருப்பதால், பைப்பிங்குக்கும் கழுத்துப் பட்டிக்கும் வேண்டுமென்றே கிராஸாக வெட்டுகிறார்கள். ஒரு இடத்தில் குறையாக இருப்பது இன்னொரு இடத்தில் தேவையாகிவிடுகிறது, துணியில் இப்படி நிறைய உண்டு.

மூன்றாவது, உள்பாவாடை. நாடா போகும் பட்டியும் நேர்த் தையல்களும்தான், ஆனால் உடம்பில் போடும் உடுப்பு ஒன்றைத் தைத்தோம் என்ற நிறைவு வரும். இந்த மூன்றையும் முடித்து, தையல் கோணாமல் வருகிறது என்றால் அப்புறம் ரவிக்கைக்குப் போகலாம். அதுவும் முதலில் காடாத் துணியில் ஒன்று வெட்டித் தைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு. நான் கெடுத்த அந்தச் சுங்குடித் துணி வீணாகவில்லை. 4 அங்குலப் பட்டைகளாக வெட்டி, குழாயாகத் தைத்துத் திருப்பி, 8 அங்குல எலாஸ்டிக் கோத்து, மகளுக்குத் தலைமுடியில் போடும் வளையங்கள் செய்துகொடுத்தேன். அவள் வகுப்புத் தோழிகளுக்கும் கேட்டாள்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் மன அமைதி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவதில்லை. எனக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். பிரிப்பது எனக்குப் பழகிவிட்டது. அம்மா தைக்கும் காலத்தில் அரை பிளேடை விரலில் இடுக்கிக்கொண்டு ஒரு தையல் விட்டு ஒரு தையல் அறுத்து, ஒரே இழுப்பில் பிரித்துவிடுவார். முகத்தில் எந்த மாற்றமும் இருக்காது. எனக்கு ஆபீஸில் ஒரு கணக்குத் தப்பாகிவிட்டால் அன்றைய பொழுதே கெட்டுவிடும். இப்போது தப்பான இடத்தைக் கண்டுபிடித்து, அதுவரைக்கும் மட்டும் பிரித்து, மறுபடி செய்கிறேன். அதில் கோபப்பட எதுவும் இல்லை என்பது கைக்கே தெரிந்துவிட்டது. இன்னொன்று, விலை. ஒரு சட்டையில் எத்தனை தையல், ஒரு காலர் நிற்க எத்தனை மடிப்பு என்று தெரிந்தபிறகு இருநூறு ரூபாய்ச் சட்டையை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. அதில் யாருடைய முதுகுவலிக்கோ சரியான கூலி போய்ச் சேரவில்லை என்று தோன்றுகிறது. டெய்லரிடம் பேரம் பேசுவதையும் விட்டுவிட்டேன். கிழிந்ததைத் தூக்கிப் போடுவதும் குறைந்துவிட்டது, என் மகளின் பள்ளிச் சீருடை முழங்கை ஓட்டையோடு இன்னொரு வருடம் ஓடியது, உள்ளே ஒட்டுப் போட்டிருப்பது பக்கத்தில் வந்து பார்த்தால்தான் தெரியும்.

எல்லாவற்றையும்விட, அம்மாவும் நானும் பேசத் தொடங்கியிருக்கிறோம். முன்பு "சாப்டியாப்பா", "மாத்திரை போட்டீங்களாம்மா" இவ்வளவுதான். இப்போது மிஷின் ஓடும் சத்தத்தை வைத்தே, "பெல்ட்டு தளர்ந்துருச்சு, ஒரு அங்குலம் நறுக்கிட்டுக் கிளிப்பைப் போடு" என்று உள்ளே இருந்து குரல் வரும். தையலை விரலால் தடவி, எந்த இடத்தில் கோணியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். கண்ணால் பார்த்து நான் விட்டதையெல்லாம் விரலால் பிடிக்கிறார். எந்த வீட்டு மணப்பெண்ணுக்கு இரவு முழுக்க விழித்துத் தைத்தார், அப்பாவுக்கு வேலை போன வருடம் இந்த மிஷின் எப்படி வீட்டைத் தாங்கியது என்பதெல்லாம் எனக்கு நாற்பது வயதுக்குப் பக்கத்தில்தான் தெரியவந்திருக்கிறது.

சென்ற மாதம் அவரே ஒன்று கேட்டார். பழைய சேலைகளை அடுக்கி ஓடு தையல் போட்டு என் மகளுக்கு ஒரு போர்வை செய்ய வேண்டுமாம், அதற்குக் கண் வேண்டாம், விரல் போதும் என்றார். உண்மைதான், வரிசை வரிசையாகக் கையால் தடவிக்கொண்டே தைக்கிறார். ஊசியில் நூல் கோப்பது மட்டும் அவரால் முடியவில்லை. அதனால் தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் பத்து ஊசியில் நூல் கோத்து, முடிச்சுப் போட்டு, அவருடைய தலையணை ஓரத்தில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போகிறேன். சாயங்காலம் வரும்போது பத்தும் காலியாக இருக்கின்றன. நேற்று, "நாளைக்குப் பதினஞ்சா வச்சுட்டுப் போப்பா" என்றார்.